பழுப்புத் தோல் போட்ட கேமரா

எங்கள் வீட்டில் தோல் பால்கனியைத் தாண்டி உள்ளே வராது. செருப்பு வாசற்படியில், அண்ணாவின் பெல்ட் கதவுக்கு வெளியே ஆணியில், கேமராத் தோல் பால்கனியில். அம்மா வகுத்த எல்லை அது. எழுபதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். பள்ளியிறுதிப் பரீட்சையோடு என் படிப்பு நின்றிருந்தது. ரவிக்கை வெட்டித் தைப்பேன். வேறு எதுவும் தெரியாது.

அண்ணா தர்மதலாவில் கேமரா பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்தான். பழைய ஜெர்மன் கேமராக்களின் மேல்தோல் வருஷக்கணக்கில் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிரும். கடையில் இருந்தவர்களுக்கு உள்ளே இருக்கும் யந்திரம் கைவந்ததே தவிர, தோல் வெட்டப் பொறுமை இல்லை.

"நீ அக்குள் வளைவை ஒரே வெட்டுல வெட்டறியே, இதை வெட்ட மாட்டியா?" என்று அண்ணா ஒருநாள் தோலுரித்த கேமரா ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். உரித்த துண்டுகளும் அதோடு இருந்தன. அவற்றைத் தாளில் வைத்து அளவெடுத்தேன். லென்ஸைச் சுற்றி ஒரு வட்டம், திருகுகளைச் சுற்றிச் சின்ன வட்டங்கள். புது ஆட்டுத்தோலின் ஓரத்தை உள்பக்கமாகப் பிளேடால் சீவினால்தான் தகட்டோடு படியும். பிடித்துப்போயிற்று எனக்கு. யாரோடும் பேச வேண்டியதில்லை.

தோல் அழகுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அண்ணா வெறும் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினான். ஆணி போன இடங்களில் ஊசிமுனை அளவுக்குத் துளைகள்.

"இதையெல்லாம் தோல்தான் அடைக்கறது. தோல் தூக்கிண்டா உள்ள வெளிச்சம் போயிடும். படம் போச்சு" என்றான்.

ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் கொடுத்தான். தச்சர்கள் உருக்கி வைத்துக்கொள்ளும் பழுப்புக் கட்டி. அம்மா அதை எடுத்து மோந்து பார்த்தாள்.

"என்னடி இது?"

"பசைம்மா. அடுப்புல வெச்சு உருக்கணும்."

"எதுல பண்ணினது?"

எனக்குச் சட்டென்று பொய் வராது. "எலும்புல."

"ஏன், ஒங்கண்ணாவை ஒரு மாட்டையே ஓட்டிண்டு வந்து அடுப்புல ஏத்தச் சொல்லேன்" என்றாள் அம்மா.

அன்று சாயங்காலம் அவளே மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் கிண்ணத்தில் கொடுத்தாள். நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட எப்போதும் காய்ச்சுகிற பசைதான். நன்றாகவே ஒட்டியது. அண்ணாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவனுக்கும் அம்மாவுக்கும் சண்டை வரும், நான் நடுவில் நிற்க வேண்டும். சும்மா இருந்துவிட்டேன். அந்தக் கோடையில் ஏழு கேமராக்கள் மைதாப் பசையோடு கடைக்குப் போயின. அவற்றில் ஒன்று, இரண்டு லென்ஸ் மேலும் கீழுமாக இருக்கும் பெட்டிக் கேமரா. கறுப்புத் தோல் தீர்ந்திருந்ததால் பழுப்பில் போட்டேன். பக்கவாட்டில் வட்டம் வெட்டும்போது பிளேடு நழுவி நெல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. மை தொட்டு மறைத்தேன்.

கீழ்வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. அந்த அம்மாளை மாஷிமா என்றும் அவர் கணவரை மேஷோ என்றும் கூப்பிடுவேன். மேஷோவுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. கேமராவைக் கண்டால் எழுந்து போய்விடுவார். மகன் கல்யாணத்தில்கூட அப்படித்தான். அந்த வருஷம் ஸ்ராவண மாதத்தில், நம் ஆடியில், அவர் இறந்துபோனார். நாலு நாள் விடாமல் பெய்த மழை அன்று காலைதான் விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது.

அம்மா மேலேயே இருந்துகொண்டு என்னை மட்டும் அனுப்பினாள். முற்றத்தில் கட்டிலில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கண்களின்மேல் துளசி, நெற்றியில் சந்தனப் பொட்டுகள், கழுத்தில் சம்பங்கி மாலை. எடுத்துப்போவதற்கு முன் படம் எடுப்பது அங்கே வழக்கம். மயானத்தில் படம் எடுக்கிற ஒருவரை மகன் அழைத்து வந்திருந்தார். மாஷிமா அந்தப் படக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா எடுங்க தாதா. இவருக்கு வேற படமே கிடையாது. உயிரோட இருந்தா உங்களைத் துரத்தியிருப்பார்" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு அழுதாள்.

அவர் பையிலிருந்து கேமராவை எடுத்தார். பழுப்புத் தோல். பக்கவாட்டில் என் கீறல். அதற்குக் கீழே மூலை தூக்கிக்கொண்டிருந்தது. ஓரத்தைக் கரப்பான் அரித்திருந்தது, அடியில் வெள்ளையாகப் பூஞ்சை. அந்த மூலைக்குக் கீழே ஒரு துளை உண்டு என்பது அந்த முற்றத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வெயில் நேராக அங்கேதான் விழுந்தது.

அந்நிய ஆண்களோடு நான் பேசியதே இல்லை. கண்டக்டரிடம் சீட்டுக் கேட்பதற்கே இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அண்ணா என்பதற்கு அவர்கள் சொல்கிற மாதிரியே "தாதா" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து கேமராவுக்குள் பார்த்துக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் போய்க் கேமராவின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

"என்ன மா இது!" என்று அவர் திடுக்கிட்டார்.

"மேல் வீட்டு மதராசிப் பொண்ணு. பயந்துட்டா போல" என்றார் மகன்.

"ஓட்டை இருக்கு. வெளிச்சம் உள்ளே போகும். படம் வராது" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"இந்தத் தோலை ஒட்டினது நான்."

"கடையில மதராசி மிஸ்திரி ஒருத்தர் ஒட்டினதாச் சொன்னாங்களே?"

"நான்தான் அந்த மிஸ்திரி."

கூட்டத்தில் ஒருத்தி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். மாஷிமா சிரிக்கவில்லை. "அவ என்ன சொல்றாளோ அதைச் செய்யுங்க" என்றாள். மேஷோவின் மருந்துத் தட்டில் பிளாஸ்திரி இருந்தது. மூலையை அழுத்தி அதன்மேல் இரண்டு மடிப்பாக ஒட்டினேன். வெளிச்சம் பட்ட பகுதியை விட்டுவிட்டுப் படக்காரர் சுருளை அடுத்த எண்ணுக்கு நகர்த்தினார். அப்படியும் நம்பிக்கை வராமல், அவர் எடுத்து முடிக்கும்வரை கையை அதன்மேல் பொத்திக்கொண்டு நின்றேன்.

அம்மா பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் மாடி ஏறியபோது வாசலில் வாளித் தண்ணீரோடு நின்றாள். "சாவு வீடும் தொட்டாச்சு, தோலும் தொட்டாச்சு. நில்லு" என்று தலையோடு ஊற்றினாள்.

பெரிதாக்கிய படம் ஐந்தாம் நாள் வந்தது. ஒவ்வொரு தழும்பும் தெரிந்தது. மாஷிமா தழும்புகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு படக்காரர் மாடி ஏறி எங்கள் வாசலுக்கு வந்து கேமராவை நீட்டினார்.

"எதுல ஒட்டின மா?"

"மைதாவுல."

"கல்கத்தா மழையில மைதாவா?" என்றார். திட்டுவார் என்று நின்றேன். அவர் பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்தார். "அன்னிக்குக் காலையில மயானத்துல எடுத்தது. உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி."

ஒரு பெண்ணின் மடியில் மூன்று வயதுக் குழந்தை. பக்கத்திலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு பாய்ந்து, குழந்தையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பரவியிருந்தது. கால்கள் தெரிந்தன. கொலுசு தெரிந்தது.

"அவங்ககிட்ட குடுத்துட்டீங்களா?"

"மறுநாள் வந்து ஒரு பிரதி வாங்கிட்டுப் போனாங்க. அந்த அம்மா பார்த்தா. முந்தானையில முடிஞ்சுகிட்டுப் போயிட்டா."

"எந்த வீடு?"

"வெளியூர்க்காரங்க. பேர் கேட்டுக்கல."

அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மற்ற ஆறு கேமராக்களையும் கேட்டு வாங்கி வருவதாகச் சொன்னான். மறுநாள் காலை பால்கனியில் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஏற்றியிருந்தது. மேலே ஒரு பழைய அலுமினியச் சட்டி. பக்கத்தில் அம்மா நின்றாள்.

"அந்த எலும்பையே காய்ச்சு" என்றாள்.

"ஸ்டவ் தீட்டாயிடுமேம்மா."

"ஆகட்டும்."

பழுப்புக் கேமராவின் தோலை முழுவதும் உரித்தேன். துளையை வெளிச்சத்தில் பார்த்தேன். கடுகைவிடச் சிறியது. ஈய உருண்டையால் அடைத்து, கறுப்புப் பூசி, வஜ்ஜிரத்தால் ஒட்டினேன். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் அந்த வேலையைச் செய்தேன். துளையை அடைக்காமல் ஒரு தோலையும் ஒட்டியதில்லை.

மாஷிமா ஒவ்வொரு ஸ்ராவணத்திலும் மேஷோ படத்துக்கு மாலை போடும்போது என்னைக் கூப்பிடுவாள். வந்திருக்கும் உறவினர்களிடம், "இவளாலதான் எங்களுக்கு அவர் முகம் இருக்கு" என்பாள். மற்றப் படத்தைப் பற்றி அவளிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன். சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். பாவம், கூச்ச சுபாவம் என்பார்கள்.