புல்டோசர் முன்னால் உட்கார்ந்தது யார்

தையல்காரிக்குக் கோபம் வந்தால், வாயில் ஊசியைக் கடித்திருப்பவள்போல் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

நூலக மாடியில் குடியிருப்போர் சங்கம் மாதாமாதம் வரலாற்றுப் பேச்சு நடத்தும். அன்று பேசியவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். முப்பது வருடங்களுக்கு முன் தெருவை இடிக்க வந்த புல்டோசரைக் குடியிருந்தவர்கள் திருப்பி அனுப்பியதுதான் தலைப்பு.

"ஏத்துறதா இருந்தா என் மேல ஏத்திட்டுப் போடான்னு டிரைவர்கிட்ட சொன்னேன்" என்றார் அத்தான். கைதட்டினார்கள்.

அந்த வார்த்தை அக்காவுடையது. ஈரத் தலையோடு ஓடிப்போய் இயந்திரத்தின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தவள் அக்கா. ஒட்டி உட்கார்ந்தவள் இவள். போலீஸ் இழுத்ததில் அக்காவுக்குத் தோள்பட்டை பிசகியது. இன்றும் அந்தக் கை மேலே போகாது. அத்தானோ, நமக்கெதற்கு வம்பு என்று முந்தின நாளே வெளியூரிலிருந்த அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய், எல்லாம் அடங்கிய பிறகு திரும்பி வந்தவர்.

முன்வரிசையில் அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இவள் எழுந்தாள். "அத்தான், அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"என் மச்சினிச்சி. சின்ன வயசுலேர்ந்தே துடுக்கு" என்று அத்தான் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அக்கா திரும்பிப் பார்த்து, "உக்காரு" என்றாள்.

சிரிப்பைக்கூடப் பொறுத்திருப்பாள். அக்காவின் அந்த ஒரு சொல்லைத்தான் பொறுக்க முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் அக்காவை மறித்தாள்.

"உனக்கு வாய் இல்லையா? உன் எதிர்லயே உன் கதையத் திருடுறாரு."

"நீ சண்டை போட்டுட்டு உன் வீட்டுக்குப் போயிடுவ. நான் அந்த மனுஷனோட ஒரே வீட்டுல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் தனக்கும் பேச நேரம் வேண்டும் என்று தையல்காரி கேட்டாள். "அதான் பேசி முடிச்சாச்சேம்மா" என்றார் சங்கத் தலைவர்.

அதன்பிறகு அவள் விடவில்லை. பழைய மார்க்கெட்டைப் பற்றிப் பேசினாலும், ரயில் பாதையைப் பற்றிப் பேசினாலும், கேள்வி நேரம் வந்ததும் எழுந்து அதே கேள்வியைக் கேட்டாள். சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவளுக்கே 'புல்டோசர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அத்தான் வருவதை நிறுத்திக்கொண்டார். அக்கா மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

குழாய்த் தண்ணீர் வந்த கதையைப் பேசிய மாதம், தையல்காரி வழக்கம்போல் எழுந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"அவ கேக்கப் போறதுக்கு நானே சொல்லிடுறேன். அவரு அன்னைக்கு ஊர்லயே இல்ல. முதல்ல உக்காந்தது நான், அப்புறம் இவ. பின்னாலயே தெருப் பொம்பளைங்க எல்லாரும் வந்தாங்க."

யாரும் கைதட்டவில்லை. தலைவர் மைக்கைப் பிடித்தபடி விழித்தார்.

வெளியே வந்ததும் தையல்காரி வெடித்தாள். "இதச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமா?"

"ஆமா" என்றாள் அக்கா. "இனிமே அந்த வீட்டுக்குப் போக முடியாது. உன் வீட்டுல ஒரு பாய் இருக்கா?"

"இருக்கு, வா" என்றாள் தையல்காரி, அப்போதும் கடுகடுத்த முகத்தோடுதான்.