மதிலுக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தி

வேலம்பாளையத்து வீட்டில் கரண்ட் வந்ததும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். அந்தப் புகை வாசனை என்னை அறுபதுகளின் கல்லறைத் திருநாளுக்கு இழுத்துப்போனது.

அப்பா தன் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். பிறகு கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே வந்து, வேலமரத்தடியில் கிடந்த கருங்கல்லின் மேல் இன்னொன்று ஏற்றுவார்.

"இது ஆருங்கப்பா?" என்றேன் ஒருமுறை.

"அவரு சம்சாரம், கண்ணு. சாமியாரு ஞானஸ்நானம் குடுக்க வந்தன்னைக்கு இவங்க சோளக்காட்டுல குருவி ஓட்டப் போயிட்டாங்க. மறுக்கா சாமியாரு வாரதுக்குள்ள காலராவுல போயிட்டாங்க. அதனால உள்ள எடம் குடுக்கல."

வெளியே காற்று அதிகம். உருகி முடியும்வரை அப்பா கையால் மறைத்துக் குந்தியிருப்பார்.

போன வருடம் மதிலைத் தள்ளிக் கட்டி அந்த இடத்தையும் உள்ளே சேர்த்தார்கள். அஸ்திவாரத்துக்குக் கல் போதவில்லையென்று அந்தக் கருங்கல்லையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள்.