திங்கட்கிழமை வரை தோள் கெட்டவன்

வேம்புலிக்கு இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. சனியும் ஞாயிறும். இந்த இரண்டு நாளும் அவனுடைய வலது தோள் கெட்டுப்போனதாகவே இருந்துவிட்டால், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவனுக்கு விடுதலை.

தோள் உண்மையாகவே ஒரு காலத்தில் கெட்டுத்தான் போயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், குமணன்சாவடி சந்திப்பில் தண்ணீர் லாரிக்கு ஒதுங்கப் போய் வண்டியோடு சரிந்தான். கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, ஆறு மாதத்தில் சரியாகியும் விட்டது. ஆனால் அந்த ஆறு மாதத்துக்குள் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அதன் பிறகு தோள் எப்படியிருக்கிறது என்று கம்பெனியில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவனும் பதில் சொல்லப் போகவில்லை.

வேம்புலி பேஸ்பால் ஆட்டக்காரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு கம்பெனியின் அணியில் ஒன்பது வருஷமாக ஷார்ட்ஸ்டாப். கிரிக்கெட்டே பார்த்துப் பழகியவர்களுக்கு அவனே இப்படித்தான் விளக்குவான்: நாலு தளம், நாலு மூலை. இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே ஒரு சந்து. பாதிப் பந்து அந்தச் சந்தில்தான் சீறிக்கொண்டு வரும். அதை அள்ளி, அடித்தவன் முதல் தளத்தை மிதிப்பதற்குள் மைதானத்தின் குறுக்கே எறிய வேண்டும். ஓடுகிறவனுக்கு நாலரை வினாடி. குனிந்து, எடுத்து, நிமிர்ந்து, எறிந்து, பந்து அந்தப் பக்கம் போய்ச் சேர எல்லாம் சேர்த்து அதே நாலரை வினாடிதான்.

இந்த விளையாட்டுக்கு அவன் வந்ததே ஆள் குறைந்ததால். திருமுல்லைவாயில் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கும்போது, மாவட்டப் போட்டிக்கு எட்டுப் பேர்தான் தேறினார்கள். மைதானத்து ஓரத்தில் ஸ்டேஷன் மதில் மேல் டென்னிஸ் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டுச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அந்த மதில் கருங்கல் மதில். பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று மதிலுக்கே தெரியாது. மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டிய கைக்கு மண் தரையில் வரும் பந்து பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மட்டை பிடிக்கத்தான் வரவில்லை, கடைசி வரைக்கும். அடிக்கத் தெரியாத ஆட்டக்காரனை எந்த அணியும் இரண்டு நாள் வைத்திருக்காது. வேம்புலியை வைத்திருந்தார்கள். அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகாததால்.

இருபது வயதில் கம்பெனி எடுத்துக்கொண்டது. காலையில் பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை, மதியத்துக்கு மேல் மைதானம். வேலை நிரந்தரம் இல்லை. ஆட்டம் இருக்கும் வரைக்கும் வேலை. அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட தாளில் இன்னொரு வரியும் இருந்தது. தொழிற்பேட்டை லீக்கில் ஒரு கம்பெனியின் பெயரில் பதிவான ஆட்டக்காரன், அந்தக் கம்பெனி தடையில்லாச் சான்று தராமல் வேறு எந்த அணிக்காகவும் கையுறை மாட்டக் கூடாது. எத்தனை வருஷத்துக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை. இருபது வயதில் யாரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள்.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தோள் விழுந்த பிறகு அவன் இடத்துக்கு வந்த ஸ்ரீராம் இருபத்திரண்டு வயதுப் பையன். கை சுமார், ஆனால் மட்டையால் வெளுப்பான். வேம்புலி பெஞ்சுக்குப் போனான். இரண்டு முறை வேறு கம்பெனிகள் கேட்டு வந்தன. இரண்டு முறையும் பர்சனல் மேனேஜர் சிவராமன், விளையாட்டுச் செயலாளரும் அவர்தான், முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"நமக்கு வேணாம்னாலும் எதிர் டீமுக்குப் போகக் கூடாதுப்பா," என்றார். "தோளு சரியாச்சுன்னா நாளைக்கு நம்மளையே எதிர்த்து வந்து நிப்பே. உன்னை வெளிய விட்டுட்டு நான் மேல என்ன பதில் சொல்றது?"

வேம்புலி ஆடவும் இல்லை, போகவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கையுறையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பான்.

ஆனால் வாரத்தில் மூன்று நாள், விடிந்ததும் விடியாததுமாகப் பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டிய வெற்று மனையில் பந்து எறிந்தான். அந்தப் பக்கம் பிடித்துப் போடுவது பஷீர் அகமது. பூந்தமல்லிக்காரர், அணியின் முதல் தளக்காரர், முப்பத்தைந்து வயது. ஒன்பது வருஷமாக வேம்புலி எறிந்ததையெல்லாம் வாங்கிய கை அவருடையது. வேம்புலியின் தோள் சரியாகிவிட்டது என்று அந்தக் கைக்குத்தான் முதலில் தெரிந்தது.

"உள்ளங்கை எரியுதுபா," என்றார் ஒருநாள், கையுறையைக் கழற்றி உதறியபடி. "வந்துட்டே போல கீதே."

"யார்கிட்டயும் சொல்லாத பாய்."

"நான் எங்க சொல்றது? என் கைதான் சொல்லிக்கினு திரியும்."

அந்த மனைக்குத்தான் போன மாதம் சேலத்திலிருந்து ஒரு ஆள் வந்து போனார். அங்கே ஒரு நிறுவனம் புதிதாக அணி கட்டுகிறது. முதல் வருஷத்திலிருந்தே நிரந்தர வேலை, ஷார்ட்ஸ்டாப்பில் முழு ஆட்டம், முடிந்த பிறகு பயிற்சியாளர் இடம். அவர் முப்பது பந்து பார்த்தார், பேசாமல் படிவத்தை நீட்டினார். வயது முப்பது தாண்டக் கூடாது. வேம்புலிக்கு அடுத்த மாதம் முப்பது. சான்றோடு விண்ணப்பம் செவ்வாய்க்கிழமைக்குள் சேலத்தில் இருக்க வேண்டும்.

சிவராமனிடம் போனபோது வேம்புலி வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு போனான்.

"சேலமா? தோள் போனவனை வெச்சிக்கிட்டு அவன் என்னய்யா பண்ணப் போறான்?"

"சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் வேணுமாம் சார்."

பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. சிவராமன் அவன் தோளைப் பார்த்தார். பாவப்பட்டதுபோலத்தான் தெரிந்தது.

"சரி, டைப் பண்ணி வெக்கச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை லீக் ஃபைனல் முடியட்டும். திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்து வாங்கிக்க."

அன்று சாயங்காலமே வேம்புலி செக்‌ஷனிலிருந்து கழிவுப் பெட்டிகள் ஆறு கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி ரேணுகா வெள்ளிக்கிழமைக்குள் நாலைக் கட்டிவிட்டாள். மிக்ஸி ஜாரைக்கூட உள்ளே வைத்து ஒட்டிவிட்டு, சட்னிக்குப் பக்கத்து வீட்டு மிக்ஸிக்குப் போய் வந்தாள்.

"நீ பெஞ்சுலயே குந்திக்கினு இரு, அது போதும்," என்றாள் ஞாயிறு காலையில். "ஹீரோ வேலை எதுவும் வேணாம்."

"பெஞ்சுல இன்னா ஹீரோ வேலை?"

"உன்னை எனக்குத் தெரியும்."

மைதானத்தில் ஆயிரம் பேருக்குக் குறையாது. ஷாமியானா, ஸ்பீக்கர், சுண்டல்காரர், மதில் மேல் வரிசையாகக் கால்கள். சிவராமன் முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் கூலிங் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். ஆறாவது இன்னிங்ஸ் வரை வேம்புலி பெஞ்சை விட்டு நகரவில்லை. கம்பெனி ஒரு ரன் முன்னால் இருந்தது. ஏழாவதுதான் கடைசி.

ஆறாவதின் முடிவில் ஸ்ரீராம் இரண்டாவது தளத்துக்குச் சறுக்கிப் போனான், எழுந்திருக்கவில்லை. கணுக்கால். இரண்டு பேர் தோளில் தாங்கித் தூக்கி வந்தார்கள். பயிற்சியாளர் சண்முகசுந்தரம் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் மிச்சம் இருந்தது வேம்புலி மட்டும்.

"சார், தோளு..."

"தெரியும்யா. சும்மா நில்லு. பந்து வராது, வேண்டிக்க."

பந்து வராமல் இருக்கவா அந்த இடத்துக்கு ஷார்ட்ஸ்டாப் என்று ஒருவனை நிறுத்துகிறார்கள்?

முதல் பந்து நேராகக் கைக்கே வந்தது, மெதுவாக. எடுத்தான். எறிந்தால் அவுட். அவன் பந்தைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்து, முழங்கையை மடக்கி, தள்ளிவிடுவதுபோல் போட்டான். பந்து மூன்று குத்துக் குத்தி பஷீரிடம் போய்ச் சேர்வதற்குள் ஓடியவன் தளத்தை மிதித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான்.

மதில் மேலிருந்து ஒரு குரல்: "இன்னா மாமே, பார்சல் சர்வீஸா? நாளைக்கு வந்து சேர்ந்துடுமா?"

"பேக்கிங் செக்‌ஷன்டா அவரு! பொட்டியில போட்டு ஒட்டித்தான் அனுப்புவாரு!"

மைதானமே சிரித்தது. சிவராமனும் சிரித்தார். வேம்புலியும் தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான். நன்றாகத்தான் நடித்தான். ஆனால் பஷீரைப் பார்க்கும்போது அவர் இவனைப் பார்க்காமல் கால் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். பந்து வீசும் ஷாருக்கின் காது சிவந்திருந்தது. பையனுக்கு இது முதல் ஃபைனல்.

அடுத்தவன் அவுட். அதற்கடுத்தவன் ஓங்கி ஒன்று விட்டான். எதிரணி ஆட்கள் இரண்டாவது தளத்திலும் மூன்றாவதிலும். இன்னொரு அவுட். இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் கோப்பை. ஒரு பந்து சந்து வழியாகத் தப்பினால் இரண்டு பேரும் ஓடி வந்துவிடுவார்கள், ஆட்டம் போய்விடும். வேம்புலி மனதுக்குள் பந்தை வேறு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் போ. மேலே போ. ரேணுகா ஒட்டிய பெட்டிகள் நாலு. திங்கள் பத்து மணி.

மட்டையில் பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. சந்துக்கே வந்தது. அவனுக்கு வலப் பக்கம், எட்டாத தூரத்தில், மண்ணோடு மண்ணாக.

எட்டாத தூரம். விட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தோள் போனவன், பாவம், என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மூன்று எட்டில் அவன் அங்கே இருந்தான். கையுறையைப் புறங்கையாகத் திருப்பிப் போட்டான். பந்து உள்ளே விழுந்தது. வலது கால் புல் விளிம்பில் ஊன்றியது. அங்கிருந்து முதல் தளம் மைதானத்தின் மறுகோடி. தோள் சுழன்று திரும்பியதும், பந்து விரலை விட்டுப் போனதும் அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. தரையில் குத்தாமல், ஆள் உயரத்தில், கயிறு கட்டி இழுத்ததுபோல் போயிற்று. பஷீர் ஒரு காலைத் தளத்தில் வைத்து உடம்பு முழுவதையும் நீட்டினார். பட்டென்று ஒரு சத்தம். நடுவர் முஷ்டியைத் தூக்கினார்.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஷாருக் ஓடி வந்து அவனைத் தூக்கினான். தூக்கிய உயரத்திலிருந்து வேம்புலி ஷாமியானாவைப் பார்த்தான். சிவராமன் எழுந்து நின்றிருந்தார். கைதட்டவில்லை. கூலிங் கிளாஸைக் கழற்றியிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு வேம்புலியும் பஷீரும் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றார்கள்.

"நான்தான் புத்தி கெட்டுப்போய் எறிஞ்சிட்டேன்," என்றான் வேம்புலி. "நீயாவது உட்டிருக்கலாமே பாய்? கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கினு போயிருக்கலாமே?"

பஷீர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினார். செக்கச் செவேலென்றிருந்தது. "நெனச்சேன்பா. அல்லா மேல ஆணையா, பந்து பாதி வழியில வர்றப்போ நெனச்சேன். உட்ரலாம்னு." கையை மூடிக்கொண்டார். "நீ எறிஞ்சத நான் எப்டி உடுவேன்? அது எப்டினு எனக்குத் தெரியாதே."

திங்கட்கிழமை பத்து மணிக்கு வேம்புலி போனான். மேசை மேல் ஒரு ஸ்டீல் ஹாட்பாக்ஸ், சிறந்த ஃபீல்டருக்கான பரிசு. பக்கத்தில் டைப் செய்த சான்று, கையெழுத்தில்லாமல்.

"கை ஜம்முன்னு இருக்கேப்பா," என்றார் சிவராமன். கோபம் துளியும் இல்லை. "எம்.டி. ராத்திரி போன் பண்ணார். யாருய்யா அதுன்னு கேட்டார். இத்தனை நாளா எங்கய்யா வெச்சிருந்தேன்னு எனக்குத்தான் திட்டு. இந்த நேரத்துல உன்னைச் சேலத்துக்குக் குடுத்தேன்னா என் சீட்டு கிழிஞ்சிரும்."

"சார், நான் பொய் சொல்லிட்டேன். டிசிப்ளின் நடவடிக்கை எடுங்க. வேலைய விட்டு அனுப்பிடுங்க."

சிவராமன் சிரித்தார். "அனுப்பினா நேரா சேலம் போவே. நான் என்ன விவரம் தெரியாதவனா?"

"நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன் சார்."

"போ. தாராளமாப் போ. பேரு நம்ம ரெஜிஸ்டர்ல இருக்கும். எங்க போய்க் கையுறை மாட்டுவே?" சான்றை நாலாக மடித்து டிராயருக்குள் வைத்தார். ஹாட்பாக்ஸை முன்னால் தள்ளினார். "எடுத்துட்டுப் போய்யா. நல்ல கம்பெனி அயிட்டம்."

வீட்டில் ரேணுகா ஹாட்பாக்ஸைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். கத்தியை எடுத்துவந்து பெட்டியின் டேப்பைக் கிழித்தாள். அவன் ஒட்டச் சொல்லிக்கொடுத்த மாதிரி இரண்டு சுற்று ஒட்டியிருந்ததால் சீக்கிரம் கிழியவில்லை.

"அந்தப் பந்தை உட்டிருந்தா?" என்றாள், குனிந்தபடியே.

"தோத்திருப்போம்."

"யாரு?"

அவள் மிக்ஸி ஜாரை எடுத்துத் துடைத்து மேடையில் வைத்தாள். மற்ற மூன்று பெட்டிகளையும் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மூன்றாவது வாரம் ஸ்ரீராமின் கணுக்கால் சரியாகிவிட்டது. அடுத்த தொடரின் முதல் ஆட்டத்துக்கான பட்டியலைக் கேன்டீன் பக்கத்துப் பலகையில் ஒட்டினார்கள். ஷார்ட்ஸ்டாப், ஸ்ரீராம். கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மாற்று ஆட்டக்காரர்கள். வேம்புலி தன் பெயரை அங்கே பார்த்துவிட்டு செக்‌ஷனுக்கு நடந்தான். அன்று முந்நூறு பெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. சேலத்துக்குப் போகும் சரக்கு.