நல்லாத்தான் இருக்கு

கண்ணாடிக்காரர் யார் மேலும் பொறாமைப்பட்டதில்லை என்று அந்தத் தெருவில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். எதிர்ப்பக்கம் இன்னொரு மூக்குக்கண்ணாடிக் கடை வந்தபோதுகூட, திறப்பு நாளில் போய்க் கைகுலுக்கிவிட்டு, போர்டில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று யோசனை வேறு சொல்லிவிட்டு வந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ரசத்தின் மேல் பொறாமைப்பட்டு, பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டுப் போய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தார் என்றால், பொறாமைக்கு ஆள் தராதரம் கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும்.

தொழிலில் அவர் பேர் வாங்கியது பொறுமையால். இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போடுவார். "இது நல்லா தெரியுதா? இல்ல, இதுவா? முன்னாடி போட்டதா, இப்ப போட்டதா?" என்பார். வந்தவர்களில் பாதிப் பேர் குழம்பிப்போய், "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார்கள். அவர் நம்பமாட்டார். வாய் ஆயிரம் சொல்லும், முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. சரியான வில்லை விழுந்ததும் நெற்றிச் சுருக்கம் தானாகப் பிரியும். அந்த நொடிக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பார்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிறவர்கள் விடிந்ததுமே வந்து வரிசையில் நிற்பார்கள் என்பதால், அவள் காப்பி குடித்த வாயைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் ஓடுவாள். நரம்பு தேடுவதில் கெட்டிக்காரி. ஊசி குத்திக்கொள்ள வந்தவர்கள், குத்தி முடித்த பிறகும், "குத்திட்டீங்களா?" என்று கேட்பார்கள். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் சுத்த மக்கு. விடுதியில் வளர்ந்தவள். மணி அடித்தால் தட்டு, இன்னொரு மணி அடித்தால் கழுவும் தொட்டி, அவ்வளவுதான் அவள் கற்ற சாப்பாடு. கடை கீழே, வீடு மாடியில், கடை திறப்பதோ வெயில் ஏறிய பிறகு. அதனால் கல்யாணமான புதிதிலேயே சமையல் அவர் கைக்கு வந்துவிட்டது. வந்தது என்ன, அவர்தான் பிடுங்கிக்கொண்டார். மனிதருக்கு அடுப்படி என்றால் உயிர்.

சமைத்தால் மட்டும் போதுமா? அவள் தட்டில் கை வைத்ததும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"உப்பு?"

"சரியா இருக்கு."

"நேத்து வச்ச குழம்பு நல்லா இருந்துதா, இன்னிக்கு வச்சதா?"

"ரெண்டும்."

"அப்படிப் பொத்தாம் பொதுவா சொல்லாத. எது?"

"நல்லாத்தாங்க இருக்கு."

அந்தத் 'தான்' அவரைப் போட்டு அறுத்தது. நல்லா இருக்கு என்றால் நல்லா இருக்கு. நல்லாத்தான் இருக்கு என்றால்? ஏதோ ஓர் 'ஆனாலும்' வாய்க்குள்ளேயே நின்றுவிட்ட மாதிரி இல்லையா? அடுத்த நாள் புளியைக் குறைப்பார். அதற்கும் நல்லாத்தான் இருக்கு. மல்லியைக் கூட்டுவார். அதற்கும் அதே. இப்படியே வருடங்கள் ஓடின. இவளுக்கு நாக்கே கிடையாது என்று கடைசியில் மனதைத் தேற்றிக்கொண்டார். நாக்கு இல்லாதவளிடம் பேர் வாங்காதது ஒரு குறையா என்ன?

அந்த ஆறுதலுக்கும் ஒரு நாள் வேட்டு வைத்தார்கள். பரிசோதனை நிலையத்தில் முன் மேசையில் இருக்கிற பெண், சம்பளம் ஏறிய குஷியில் அவளைப் பின் தெருவில் இருக்கிற சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறும்போதே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, சும்மா சொல்லக் கூடாது, ஒரு ரசம் ஊத்தினாங்க பாருங்க..."

கண்ணாடிக்காரர் கத்தியும் வெங்காயமுமாக அப்படியே நின்றார். சும்மா சொல்லக் கூடாதாம்! இத்தனை வருடத்தில் அவர் வைத்த எந்த ரசத்துக்காவது இந்த மரியாதை கிடைத்திருக்கிறதா?

"அப்படி என்ன ரசம்?"

"சொல்லத் தெரியலங்க. ரெண்டு தடவை கையில வாங்கிக் குடிச்சேன்."

அதோடு விட்டாளா? நாக்கு விழித்துக்கொண்டவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வாரத்துக்கு ஒரு கடை என்று அவளும் முன் மேசைப் பெண்ணும் கிளம்பிவிட்டார்கள். ரொட்டியும் பருப்பும் மட்டுமே போடுகிற கடை, ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கவைக்கிற பிரியாணிக் கடை, தோசை ஓரம் கண்ணாடி மாதிரி மின்னுகிற கடை. வீட்டுக்கு வந்து வரிசைப்படுத்திச் சொல்வாள். பருப்பில் கடைசியில் நெய்யைச் சூடாக ஊற்றியதைச் சொல்வாள், பிரியாணியின் அடியில் பிடித்ததைக் கடைக்காரர்களிடம் கேட்டு வாங்கித் தின்றதைச் சொல்வாள். ஆனால் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் அந்தப் பின் தெரு ரசத்தில்தான் வந்து நிற்பாள். கேட்கக் கேட்க இவருக்குக் காதில் புகை வந்தது. வேறு ஓர் ஆணைப் பற்றிப் பேசியிருந்தால்கூடச் சண்டை போடலாம். ரசத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

போட்டிக்கு இறங்கினார். புது மிளகு வாங்கி, தானே அம்மியில் தட்டினார். பருப்புத் தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார். எதிர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கடை ரசம் மாதிரி இருக்கா? அதைவிட நல்லா இருக்கா? குடிச்சிட்டுச் சொல்லு. இன்னொரு வாய் குடி."

"நல்லாத்தாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பாதியில் கை கழுவினாள்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எதிர்க் கடையில கூட்டம் அதிகமா?" என்று கேட்டார்.

"சோத்துக் கடையிலதான்யா கூட்டம்" என்று வள்ளென்று விழுந்தார் இவர். ஜெராக்ஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவர் வீட்டில் அம்மா சமையல்.

இனி தாங்காது என்று ஆனதும்தான் அந்தப் பட்டப்பகல் பயணம். 'இதோ வந்துவிடுவேன்' என்ற அட்டையைக் கதவில் மாட்டினார். பின் தெருக் கடையில் தூணுக்குப் பின்னால், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். தோளில் துண்டு போட்ட நடுத்தர வயது ஆள் ஒருவர் பரிமாறிக்கொண்டிருந்தார். வேண்டுமா என்று கேட்கவில்லை, போதுமா என்று கேட்கவில்லை, வாளியோடு வருவார், ஊற்றுவார், போய்விடுவார். கண்ணாடிக்காரர் ரசத்தை வாயில் வைத்து, கண்ணை மூடி, கணக்குப் போட்டார். தக்காளி அதிகம். மிளகு நேற்று அரைத்தது. பூண்டு சரியாக நசுங்கவில்லை. தப்பில்லாத ரசம், ஆனால் அவருடைய ரசத்தின் பக்கத்தில் வைக்க முடியாது. பொறாமையில் சொல்லவில்லை, நானும் இரண்டையும் குடித்திருக்கிறேன், உண்மையே அதுதான்.

வெற்றிக் களிப்பில் அவர் எழப்போனபோது மனைவி உள்ளே வந்தாள்.

கூட வந்த முன் மேசைப் பெண் செல்போனில் யாரோடோ பேசிக்கொண்டே உட்கார்ந்தாள். மனைவி அவளைக் கவனிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தாள். வாளி வந்ததும் கையைக் குவித்து நீட்டினாள். குடித்தாள். அவர் அப்போது பார்த்தார். அவள் நெற்றி பிரிந்தது. புருவம், கன்னம், தோள் எல்லாம் இறங்கின. நுனி நாக்கால் மேல் உதட்டைத் தொட்டு, சின்னப் பிள்ளை மாதிரி தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் முகத்தில் எதைத் தேடினாரோ, அது தன் மனைவி முகத்தில் இருந்தது, தனக்காக இல்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வாளியைத் தட்டிவிட வேண்டும் போலவும் இருந்தது. பரிமாறுகிறவரோ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூன்றாவது மேசைக்கு மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே கத்திக்கொண்டிருந்தார்.

கை கழுவ வந்தவளிடம் அவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"நீங்க எங்க இங்க?"

"சும்மா... இந்தப் பக்கம் ஒரு வேலை."

"கடை?"

அசடு வழிந்தார். அடுத்த நிமிடமே அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது.

"இந்த ரசத்துல அப்படி என்ன இருக்கு? தக்காளிய அள்ளிக் கொட்டியிருக்கான். மிளகு பழசு. நெஞ்சத் தொட்டுச் சொல்லு, இது நல்லா இருக்கா, நம்ம வீட்டு ரசம் நல்லா இருக்கா?"

"உங்க ரசம்தான் நல்லா இருக்கும்" என்றாள் அவள், குழாயைத் திறந்துகொண்டே.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலமும் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டு அவரை அறுத்த 'தான்', இன்றைக்கு நேராக அவர் ரசத்தின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"அப்புறம் எதுக்குடி இங்க வர?"

"இங்க யாரும் என் மூஞ்சியப் பார்க்கிறதில்லங்க." கையை உதறினாள். "நான் வாயில வைக்கிறதுக்குள்ள நீங்க மார்க் கேக்கறீங்க. நல்லா இருக்கான்னு நானே கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி பதில் சொல்ல வேண்டியிருக்கு. அப்புறம் எங்க ருசி தெரியும்? பரீட்சை எழுதற மாதிரிதான் இருக்கு. எனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கிறதே இங்க வந்துதான் தெரிஞ்சுது."

அவள் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. ரத்தம் எடுக்கிற மாதிரியே, குத்தினது தெரியாமல் குத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் திரும்பி வந்து அட்டையை எடுத்துவிட்டுக் கடையைத் திறந்தார். அன்று வந்த கிழவர் ஒருவருக்கு வலது கண் வில்லையை இடது பக்கம் போட்டார். "ஒண்ணுமே தெரியலையே" என்று கிழவர் சொன்னதற்கு, "எனக்கும்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரசம் வைத்தார். சோறு, கூட்டு, ரசம் எல்லாவற்றையும் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, நாற்காலியை இழுக்கப்போன கையை மடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். மேசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குக்கரைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்த குக்கரையே மறுபடி தேய்த்தார். முதுகெல்லாம் காதாகிவிட்டது. தட்டில் கை புரளும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. உப்பு, உப்பு, உப்பு சரியா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். ரசப் பாத்திரத்தின் மூடி திறந்தது. உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூடி மறுபடி திறந்தது. அப்புறம் கரண்டி அடியில் சுரண்டியது. திரும்பிவிடாதே, திரும்பினால் கெட்டது என்று தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் வந்து அவர் பக்கத்தில் தொட்டியில் தட்டை வைத்தாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"என்னங்க, நாளைக்கும் இந்த ரசத்தையே வைங்க."

"ம்" என்றார் அவர், குக்கரிடம்.

அதற்கப்புறம் அவள் வெளிக் கடைகளுக்குப் போவது நிற்கவில்லை. ரொட்டிக் கடைக்கு ரொட்டிக்காகப் போகிறாள், பிரியாணிக்குப் பிரியாணிக்காக. வீட்டில் ரசப் பாத்திரம் காலியாகத்தான் திரும்பி வருகிறது. கண்ணாடிக்காரர் ஜெயித்துவிட்டார் என்றே ஜெராக்ஸ்காரர் சொல்கிறார். ஆனால் தன் ரசத்தை அவள் குடிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியாது. பார்த்தால் அது போய்விடும். பின் தெருக் கடைக்கு அவள் போகிற நாளிலெல்லாம், தோளில் துண்டோடு திரிகிற அந்த ஆள் நினைத்தால் அந்த முகத்தைப் பார்க்கலாம். அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் கண்ணாடிக்காரருக்கு வயிறு பற்றி எரிகிறது.