தண்ணி இறங்கினப்போ எடுத்த படம்

எங்க ஆபீஸ்ல அவங்களுக்குப் பேரே பச்சை அக்காதான். அலையாத்திக் காடு எங்கே அழிஞ்சிருக்கு, திரும்ப நட்டது எங்கே பிழைச்சிருக்குன்னு சாட்டிலைட் படத்தைப் பார்த்துச் சொல்றது எங்க வேலை. அக்கா பச்சைன்னா பச்சை, அப்புறம் யாரும் மூச்சு விட மாட்டோம். நான் பக்கத்து சீட். எனக்கு வாய் சும்மா இருக்காது. "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்கக்கா"ன்னு சீண்டுவேன். "போடி, வேலையைப் பாரு"ம்பாங்க.

அவங்க தம்பி கடலோரத்துல இருந்தான். புயல்ல வீடு போய், வேற ஊருக்குப் போகலாம்னு மூட்டை கட்டினவனை நிறுத்தினதே அக்காதான். "நட்ட கன்னெல்லாம் காடாயிடுச்சுடா, அலை உன் வாசலுக்கு வராது"ன்னு சொல்லி, படத்தையும் பெருசா பிரிண்ட் போட்டு அனுப்பினாங்க. நட்ட இடம் முகத்துவாரத்துக்கு அந்தப்பக்கம். யாரும் மிதிக்கக்கூடாதுன்னு வேலி. அவன் கண்ணால பார்த்ததே இல்ல. அக்கா சொன்னா போதும்னு அங்கேயே வீடு கட்டிட்டான்.

அன்னிக்குக் காலையில மறுபடி புயல் எச்சரிக்கை. மழை ஜன்னலை அறைஞ்சுக்கிட்டிருந்தது. அக்கா அந்தக் கரையோட புதுப் படத்தைத் திறந்தாங்க. திடீர்னு என் கையைப் பிடிச்சாங்க. சில்லுன்னு இருந்தது.

"இதைப் பாரு."

பழைய படத்துல முழுக்கப் பச்சை. புதுசுல வெறும் தண்ணி.

எங்கே தப்பு நடந்ததுன்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு. மேகம் இல்லாத படமாப் பார்த்து எடுக்கறது எங்க பழக்கம். அந்தப் பழைய படம், பாழாப்போனது, கடல் தண்ணி இறங்கினப்போ எடுத்தது; புதுசு, ஏறினப்போ எடுத்தது. சேத்து மேல படர்ந்த பாசியும் மேலேருந்து பார்த்தா இலை மாதிரியேதான் தெரியும். தண்ணி ஏறினப்போ எடுத்ததையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும். மரம்னா தலை வெளியே நிக்கும், பாசின்னா மூழ்கிடும். அப்போ தண்ணி ஏறினப்போ எடுத்த படத்துல மேகம் இருக்குன்னு அக்கா தள்ளிவிட்டிருந்தாங்க. இப்போ தேடி எடுத்தாங்க. மேகத்துக்கு நடுவுல தண்ணிதான் இருந்தது.

ஸ்பீக்கர்ல ஃபோன் போட்டாங்க. நம்பரைத் தப்புத் தப்பா அழுத்தினாங்க. நல்லவேளை, தம்பி எடுத்தான்.

"டேய், உடனே கிளம்புடா!"

"எதுக்குக்கா? எங்க தெருவே என் வீட்லதான் இருக்கு. உன் படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன்ல, அதைக் காட்டித்தான் எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன். குழந்தைங்கதான் பயப்படுது. இரு, ஸ்பீக்கர்ல போடறேன், நீயே தைரியம் சொல்லு."

அக்கா ஃபோனை என் பக்கம் நீட்டினாங்க. "சொல்லித் தொலைங்கக்கா!"ன்னு நான் கத்தினேன்.

"அது காடு இல்ல, பாசி. நான் தப்பாச் சொல்லிட்டேன். அலையைத் தடுக்க அங்க ஒண்ணுமே இல்ல. மெயின் ரோட்டுக்கு ஓடுங்க!"

அந்தப் பக்கம் யாரோ சிரிச்சாங்க. "உங்கக்கா பயந்துட்டாங்கப்பா."

"சும்மா இருங்க!" தம்பி அதட்டினான். "அக்கா, அப்போ இந்தப் படம்?"

"தூக்கிப் போடுடா!"

கண்ணாடி உடையற சத்தம். "எழுந்திருங்க! குழந்தைங்களைத் தூக்குங்க!"ன்னு அவன் கத்தறது, அழுகை, பாத்திரம் உருளறது எல்லாம் கேட்டது. லைன் கட்டாயிடுச்சு.

அக்கா திரும்பத் திரும்பப் போட்டாங்க. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வந்தது. திரையில பழைய படம் பச்சைப்பசேல்னு திறந்தே கிடந்தது. அக்கா ஃபோனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.