தபால்காரர் மேல் விழுந்த பழி

நாடு விடுதலையான மறுவருடம், சுசீந்திரத்தில் பக்கத்துத் தெருத் தங்கமும் நானும் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தபால் வழியாகப் படித்தோம். இருவருக்கும் சேர்த்து என் பெயருக்கு வரும் பண்டைய வரலாற்றுப் பாடங்களை நான் படித்துவிட்டு அவளிடம் கொடுப்பேன்.

தேர்வுக்கு முந்திய வாரம் அசோகர் பாடம் வந்தது. அறுப்பு வேலையில் நான் படித்து முடிக்கவில்லை.

“பாடம் வந்தாச்சா மக்கா?” என்று தங்கம் கேட்டு வந்தாள்.

“இல்லட்டி, இன்னும் வரல்ல” என்றேன்.

தேர்வில் முதல் கேள்வியே கலிங்கப் போர். நான் தேறினேன், அவள் சொற்ப மதிப்பெண்ணில் தவறினாள். வீட்டில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தத் தபால்காரரு நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தா நானும் பாஸாயிருப்பேன் மக்கா” என்றாள். நான் அவளை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

இப்போதெல்லாம் யாருக்குச் சேர வேண்டியதையும் அன்றே கொடுத்துவிடுகிறேன். அசோகர் பாடம் மட்டும் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது.