பக்கத்து வீட்டுத் தேங்காய்ப்பால் சோறு

என் மகள் பக்கத்து வீட்டில் சாப்பிடுவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். கிண்ணத்தைத் தரையில் இழுக்கும் சத்தம், பிறகு "இன்னும்" என்ற குரல். அந்தச் சொல்லை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. என்னிடம் சொன்னதெல்லாம் "போறும்." இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, மூன்றாவதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போறும்மா."

அவளுக்கு அப்போது இரண்டரை வயது. எனக்கு இருபத்து மூன்று. ஐம்பதுகள் முடியப்போகிற சமயம். நாங்கள் இருந்தது ஒரே ஒரு கடைத்தெரு உள்ள சின்ன ஊர். என் கணவருக்கு ஆபீசில் மூன்று மாதப் பயிற்சி என்று திருச்சிக்கு அனுப்பினார்கள். ஸ்ரீரங்கத்தில் நாத்தனார் வீடு இருந்தது, ஆனால் அங்கே ஏற்கெனவே ஒன்பது பேர். அதனால் தென்னூரில் ஒரு வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்தோம். மறு பாதியில் ஒரு கத்தோலிக்க டீச்சரும் ரயில்வேயில் வேலை பார்த்த அவர் கணவரும் இருந்தார்கள். நடுவில் ஒரே முற்றம், ஒரே கிணறு.

பெரிய ஊருக்கு வருவதில் எனக்கு இருந்த ஆசை கோயிலோ கடையோ இல்லை. நல்ல டாக்டர் ஒருவரிடம் குழந்தையைக் காட்ட வேண்டும் என்பதுதான். தாய்ப்பால் மறக்கடித்ததிலிருந்து அவளுக்கு உடம்பு சரியில்லை. முழங்கால் மடிப்பிலும் கழுத்திலும் சிவந்து தடித்திருக்கும். சொறிந்து சொறிந்து தூங்கமாட்டாள். குடித்த பால் அப்படியே வெளியே வரும். எங்கள் ஊரில் மாந்தம் என்றார்கள், சூடு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதைச் செய்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள்தானே, உனக்கே தோன்றவில்லையா என்று பின்னால் என்னை நானே பல தடவை கேட்டிருக்கிறேன்.

தென்னூர் டாக்டர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

"பால் ஒத்துக்கலைம்மா. சில குழந்தைங்களுக்கு இப்படி இருக்கும். பாலும் வேண்டாம், பால்லேருந்து வர்ற எதுவும் வேண்டாம். ரெண்டு மாசம் பாருங்க."

"அப்போ என்ன கொடுக்கறது டாக்டர்?"

"மத்ததெல்லாம் கொடுங்க."

மற்றது என்று எங்கள் சமையலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் என்று ஐந்து வரி எழுதி, சாதப் பருக்கையால் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். பிழை வந்துவிடக்கூடாது என்பதில் எனக்கு எப்போதும் பயம்.

பெரிய ஊராயிற்றே, கிடைக்காமலா போகும் என்று என் கணவர் தெப்பக்குளம் பக்கத்து ஹோட்டல்களில் கேட்டுப் பார்த்தார். பொட்டலங்களை நான் பிரித்து முகர்ந்து பார்ப்பேன். ஊத்தப்பம் நெய் மணத்தது. உப்புமா நெய் மணத்தது. ஒரு ஹோட்டலில் நெய் இல்லாத பொங்கல் கிடைக்குமா என்று கேட்டாராம். பரிமாறுகிறவர், "சார், அதுக்குப் பேரு பொங்கல் இல்ல, குழைஞ்ச சோறு" என்றாராம். என் கணவருக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிக்க முடியவில்லை.

நான் நல்லெண்ணெயில் தாளித்தேன். பருப்பு சாதத்தை வெறுமனே பிசைந்தேன். இட்லிக்கு எண்ணெய் தடவினேன். வாந்தி நின்றது. தடிப்பு மட்டும் போகவில்லை. அதைவிட, அவள் சாப்பிடவில்லை. ஒவ்வொரு வாயையும் நான் எண்ணினேன். பத்து வாய் போனால் அன்று நல்ல நாள்.

பக்கத்து வீட்டில் அப்போது தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் மீன், முட்டை, கறி ஒன்றும் கிடையாது. அதற்குச் சுத்தபோசனம் என்று பேர் என்று டீச்சர் சொன்னார். அதோடு நிற்காமல் அவர் தனியாக ஒரு நேர்ச்சையும் எடுத்திருந்தார்: பாலும் நெய்யும்கூட வேண்டாம் என்று. என்னைவிடப் பதினேழு வயது பெரியவர், ஆனாலும் என்னை மாமி என்றுதான் கூப்பிடுவார்.

"மீனை விடறது ஒண்ணும் பெரிசில்ல மாமி" என்பார் கிணற்றடியில். "இந்த வரக்காப்பிதான் தினம் என்னைச் சிலுவையில ஏத்துது."

அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. மத்தியான மணி அடித்ததும் வீட்டுக்கு வந்து, காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போனதைச் சாப்பிடுவார். ஒரு நாள் என் மகளைக் காணவில்லை என்று முற்றத்தில் தேடினால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றை இரண்டு கையாலும் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். மூக்கின் மேல் முருங்கைக்கீரை.

"கேட்டுச்சு, கொடுத்தேன்" என்றார் டீச்சர். "பால் கீல் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. எல்லாம் மரத்துலயும் மண்ணுலயும் வெளைஞ்சது."

நான் பயப்படவில்லை. எனக்கு வந்தது வேறு. நான் ஒன்றரை வருஷமாகப் போராடுகிறேன், இவர் கேட்டதும் கொடுத்தாராம்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அவள் அந்த வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். கேழ்வரகு அடை, எள்ளுத் துவையல், வெல்லம் போட்ட பச்சைப்பயறுக் கஞ்சி, எதையும் விடமாட்டாள். வீட்டில் இரவில் என்னிடம் இட்லி மட்டும் ஒன்றோ ஒன்றரையோ. சாதத் தட்டை வைத்தால் எழுந்து ஓடிவிடுவாள்.

நான் டீச்சரிடம் செய்முறை கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். அதே கடையில் தேங்காய் வாங்கினேன், முதல் பால் இரண்டாம் பால் என்று பிரித்தேன், சின்ன வெங்காயம் மட்டும் போடவில்லை, எங்கள் வீட்டுக்குள் அது வருவதில்லை. மகள் ஒரு பருக்கையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர் மம்மு" என்று சுவரைக் காட்டினாள். அவர் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் ஒன்றை விட்டேன் என்பது தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

ஒரு நாள் கொடியில் துணி உலர்த்துவதுபோல் நின்று கவனித்தேன். டீச்சர் கிண்ணத்தைக் குழந்தைக்கு முன்னால் வைத்தார். பிறகு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் பரீட்சை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். இவ்வளவு அலட்சியமாகவா ஒரு குழந்தைக்குச் சாப்பாடு போடுவது என்று எனக்குக் கோபமாக வந்தது. கிண்ணம் காலியாகிவிட்டது.

மூன்று வாரத்தில் தடிப்பு மறைந்தது. கன்னம் பூசினாற்போல் ஆயிற்று. டாக்டர் எடை பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்துக்கறீங்கம்மா, இப்படியே போங்க" என்றார். நான் தலையாட்டினேன். சாப்பாடு என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், சொல்லியிருக்க வேண்டுமோ, அவர் கேட்கவில்லையே, கேட்டால்தான் சொல்ல வேண்டுமா என்று எனக்குள் வழக்கு நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து நாத்தனார் பஸ்ஸில் வந்தார். குழந்தை கூடத்தில் இல்லாததைப் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போனவர், போன வேகத்தில் திரும்பினார்.

"ஏண்டி, மீன் பொரிக்கற சட்டியிலேர்ந்து கொழந்தைக்குச் சாதம் போட விட்டிருக்கியா? உனக்குத் தளிகை பண்ணத் தெரியாதா என்ன?"

"இப்போ அவா மீன் சேர்க்கறதில்லைக்கா. கொழந்தை அங்கேன்னா சாப்பிடறா."

"சாப்பிடுவா, சாப்பிடுவா. அம்மாக்காரி கையால போட்டாப் பிடிக்காம, ஊரார் கையால போட்டா இனிக்கறதா? நாலு நாள் பட்டினி கிடந்தா தானா உன் கிட்ட வருவா."

பதில் சொல்ல முடியாமல் நின்றேன் என்று எழுதினால் அது பொய். எனக்குள் சந்தோஷமாக இருந்தது. குழந்தையைத் தடுக்க எனக்குக் காரணம் வேண்டியிருந்தது. பெரியவர் ஒருவர் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் முற்றத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். டீச்சரிடம், "நாத்தனாருக்குப் பிடிக்கலை" என்று மட்டும் சொன்னேன். "சரிங்க மாமி" என்றார். அவர் முகம் வாடியதா என்று பார்த்தேன். வாடியிருந்தது. அதிலும் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

முதல் நாள் குழந்தை கதவைத் தட்டித் தட்டி அழுதாள். இரண்டாம் நாள் பசி தாங்காமல் என்னிடம் வந்தாள். முறையாக மணையில் உட்காரவைத்து, முறையாகப் பரிமாறி ஊட்டினேன். பதினேழு வாய் சாப்பிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

நான்காம் நாள் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. ஐந்தாம் நாள் முழங்கால் மடிப்பு முழுவதும். சனிக்கிழமைக்குள் பழையபடி சொறிந்து ரத்தம் கசிந்தது. அப்போது எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? டீச்சர் இத்தனை நாள் தெரியாமல் பால் கலந்து கொடுத்திருக்கிறார், அதுதான் இப்போது வெளியே வருகிறது என்று. பொறாமை பிடித்தவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

கிணற்றடியில் அவரைப் பிடித்தேன்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதேங்கோ. எப்பவாவது கொழந்தைக்குப் பால்..."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "தடிப்பு எப்ப வந்துச்சு?"

"வியாழக்கிழமைலேர்ந்து."

"எங்க வீட்டுல போன ஞாயித்துக்கிழமைதானே கடைசியாச் சாப்பிட்டுச்சு? அப்ப உங்க வீட்டுலதான் பாக்கணும். இப்ப சாப்பாட்டு நேரம்தானே, போடுங்க, பாக்கறேன்."

பரீட்சைக்குக் கூப்பிட்டதுபோல் இருந்தது. அவர் சமையலறை வாசலோடு நின்றுகொண்டார். எங்கள் வழக்கப்படி உள்ளே வரக்கூடாது, அது அவருக்கே தெரியும். நான் தட்டை வைத்தேன். சாதம் போட்டேன். கையை நீட்டிச் சின்னக் கரண்டியை எடுத்து...

"நில்லுங்க. அது என்ன?"

"எது?"

"இப்ப சோத்துல ஊத்தினது."

"இதுவா? இது அன்னசுத்தி."

"அப்படின்னா?"

"சாதத்துல இது விழுந்தாத்தான் அது சாப்பிடற சாதம். எங்காத்துல இது இல்லாமக் கை வைக்கமாட்டா. இது சாப்பிடறதுக்கு இல்லை டீச்சர், சுத்தத்துக்கு."

"கிண்ணத்துல இருக்கறது என்ன மாமி?"

"நெய்."

அவர் சுவரைக் காட்டினார். "அந்தப் பேப்பர்ல அஞ்சாவது வரியைப் படிங்க."

நான் படிக்கவில்லை. என் கையெழுத்துதானே. தாளிப்பதில் நெய்யை விட்டேன், பருப்பில் விட்டேன், தோசையில் விட்டேன். ஒவ்வொரு வேளையும் முதலில் சாதத்தில் விட்ட அந்தச் சின்னக் கரண்டி மட்டும் எனக்கு நெய்யாகவே தெரியவில்லை. மணி அடிப்பதைப்போல, கோலம் போடுவதைப்போல, கை தானாகச் செய்தது. என் குழந்தைக்கு நானே, முறை தவறாமல், வேளை தவறாமல் கொடுத்திருக்கிறேன்.

அழுதேன். டீச்சர் வாசலில் நின்றபடியே, "என்ன மாமி இது. நாப்பது வயசுல நான் இன்னும் காப்பியில பாலை ஊத்தப் போயிட்டுக் கையை இழுத்துக்கறேன். கைக்கு என்ன தெரியும்?" என்றார்.

அந்தச் சாதத்தைக் கொட்டிவிட்டு வேறு தட்டில் புதிதாகப் போட்டு, எண்ணெய் விட்டுப் பிசைந்தேன். மகள் வாயைத் திறக்கவில்லை. அவள் கண் வாசலில் நின்றவர்மேல் இருந்தது. இன்றைக்கு ஊட்டிவிட்டால், நாளைக்கும் ஊட்டிவிட்டால், பட்டினி போட்டுப் பழக்கினால் ஒரு வாரத்தில் என் சாதத்தையே தின்பாள், அதில் இனிமேல் கெடுதலும் இல்லை. அதுவும் தெரிந்தது. மறுபடி இளைத்துவிட்ட குழந்தையை இன்னொரு வாரம் பழக்க வேண்டுமா என்றும் தோன்றியது. தாழ்ப்பாளைத் திறந்து, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானே முற்றத்தைக் கடந்தேன்.

டீச்சர் அவளுக்குக் கிண்ணத்தை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களும் காலையிலேருந்து சாப்பிட்டிருக்க மாட்டீங்க. சட்டி புதுசு மாமி, தவக்காலம் தொடங்கின சாம்பல் புதன் அன்னிக்கு வாங்கினது. உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். நாத்தனார் முகம் நினைவுக்கு வந்தது, மாமியார் முகம் வந்தது. முதல் வாய் வைத்ததும் இரண்டும் போய்விட்டன. சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் தனித்தனியாக, தேங்காய்ப்பாலின் கொழுப்பு மேலே மினுங்க, ஊடே வதங்கிய வெங்காயத்தின் இனிப்பு. எள்ளுத் துவையலில் புளி கொஞ்சம் தூக்கலாக, காரம் பிறகு வந்து தொண்டையைத் தொட்டது. நெய் இல்லை என்பதே தோன்றவில்லை. நான் செய்ததைவிட எவ்வளவோ மேல். வெங்காயம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். கூடவே வைத்த கேழ்வரகு அடையில் வெங்காயம் இல்லை. அதுவும் மேல்தான்.

பொறாமை போகவில்லை. அதுவரை அவர்மேல் மட்டும் இருந்தது, இப்போது அவர் சோற்றின்மேலும் வந்தது. என் மகள் அவர் தொடையில் சாய்ந்துகொண்டு, கழுத்தைச் சொறிந்தபடி தின்றுகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து, "நாளைக்கும் கொண்டுவந்து விடறேன் டீச்சர்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு வெகு நேரம் பிடித்தது.

"கொண்டாந்து விடுங்க" என்றார் அவர், நோட்டுக் கட்டை மடிமேல் இழுத்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை உங்க நாத்தனார் வந்தாலும் விடுங்க."